பரவியிருக்கிறதா? புற்றுநோய் அறிக்கைகளைப் படித்தறியும் வழி

ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்த சில நாட்களிலேயே அவர் வீட்டில் ஒரு கோப்பு தடிக்கத் தொடங்கிவிடுகிறது. ஸ்கேன் அறிக்கை, திசு ஆய்வு அறிக்கை, இரத்தப் பரிசோதனைத் தாள்கள் என்று அதில் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகின்றன. அந்தக் கோப்பைச் சுமந்து மருத்துவர் அறை வாசலில் காத்திருக்கும் மகனுக்கோ மனைவிக்கோ அதில் எழுதியிருப்பவற்றில் பெரும்பகுதி புரிவதில்லை, "பரவிவிட்டதா?" என்ற ஒரு கேள்வி மட்டுமே அவர்கள் மனத்தில் நிற்கிறது. அது சரியான கேள்விதான். ஆனால் அதற்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் விடை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதால்தான் பலர் தேவைக்கு மேல் அஞ்சவோ, அஞ்ச வேண்டிய இடத்தில் ஆறுதல் கொள்ளவோ நேர்கிறது.

கோப்பைக் கையில் எடுக்கும்போது நான்கு கேள்விகளை இதே வரிசையில் கேட்டுக்கொள்ளுங்கள். நோய் எந்த உறுப்பில் தொடங்கியது? நுண்ணோக்கியின் கீழ் அது எந்த வகையாகத் தெரிகிறது? எதுவரை சென்றிருக்கிறது? அதை வைத்து மருத்துவர்கள் எதை நோக்கிச் சிகிச்சை அளிக்கப் போகிறார்கள்? மூன்றாவது கேள்வியின் விடையை முதல் இரண்டும் தெரியாமல் புரிந்துகொள்ள முடியாது. நான்காவதை முதல் மூன்றும் தெரியாமல் கேட்டால் கிடைக்கும் பதில் மனத்தில் தங்காது.

உடலுக்குள் என்ன நடக்கிறது

பெரும்பாலான புற்றுநோய்கள் உறுப்புகளின் உட்பரப்பையும் வெளிப்பரப்பையும் போர்த்தியிருக்கும் மேலணித் திசுவில் தொடங்குகின்றன. இந்தத் திசுவுக்கு அடியில் அடித்தளப் படலம் என்ற மெல்லிய தடுப்பு ஒன்று இருக்கிறது. இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் அந்தப் படலத்துக்குக் கீழேதான் ஓடுகின்றன. எனவே மாறிப்போன செல்கள் எவ்வளவு பெருகினாலும், படலத்துக்கு மேலேயே இருக்கும்வரை அவை பயணம் செய்ய வழியில்லை. அறிக்கையில் "இன் சிட்டு" என்று எழுதியிருந்தால் அதற்கு இதுவே பொருள்: நோய் பிறந்த இடத்தைவிட்டு இன்னும் இறங்கவில்லை. இந்த இரண்டு சொற்களின் மதிப்பை அறியாமல் கடந்துபோகும் குடும்பங்கள் பல. திசு ஆய்வு அறிக்கையில் முதலில் தேட வேண்டியவை இவை, அல்லது இவற்றுக்கு எதிர்ப்பொருள் தரும் "இன்வேசிவ்", அதாவது ஊடுருவும் தன்மையுடையது, என்ற சொல்.

ஊடுருவுதல் என்பது செல் தன் இயல்பையே மாற்றிக்கொள்வதாகும். ஒரு மேலணிச் செல் தன் அண்டைச் செல்களோடு ஒட்டுப் புரதங்களால் பிணைந்திருக்கிறது. இவற்றுள் முதன்மையானது ஈ-கேடரின். புற்றாக மாறும் செல் இந்தப் புரதத்தைக் குறைத்துக்கொண்டு அண்டையிலிருந்து விலகுகிறது. சுற்றியுள்ள இணைப்புத் திசுவைக் கரைக்கும் நொதிகளைத் தானும் சுரக்கிறது, அருகிலுள்ள இயல்பான செல்களையும் சுரக்க வைக்கிறது. அப்படிக் கிடைத்த இடைவெளி வழியாக அது நகர்ந்து ஒரு நிணநீர்க் குழாயையோ சிறிய இரத்தக் குழாயையோ அடைகிறது.

அங்கிருந்து தொடங்கும் பயணத்தில் மிகப் பெரும்பாலான செல்கள் இறந்துபோகின்றன. இரத்த ஓட்டத்தின் உராய்வு அவற்றைக் கிழிக்கிறது, எதிர்ப்பாற்றல் செல்கள் அவற்றைக் கொல்கின்றன. தட்டணுக்களைப் போர்வையாகச் சுற்றிக்கொண்டவையும், சிறு கொத்துகளாகச் சேர்ந்து சென்றவையும் ஓரளவு தப்புகின்றன. விலங்குகளில் செய்யப்பட்ட சோதனைகளில், இரத்தத்தில் செலுத்தப்பட்ட புற்றுச் செல்களில் ஆயிரத்தில் ஒன்றுகூடப் புதிய கட்டியாக வளரவில்லை. இரத்தத்தில் புற்றுச் செல் இருப்பதும் நோய் வேறோர் உறுப்பில் குடியேறியிருப்பதும் ஒன்றல்ல.

எந்த உறுப்பில் குடியேறும் என்பதைக் குருதி ஓடும் பாதை பெருமளவு தீர்மானிக்கிறது. குடலிலிருந்து வரும் இரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குச் செல்கிறது. அதனால் பெருங்குடல் புற்றுநோய் முதலில் கல்லீரலில் தென்படுவது வழக்கம். கை கால்களின் எலும்பிலும் தசையிலும் தோன்றும் சார்க்கோமாக்கள் இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலை அடைகின்றன. சினைப்பைப் புற்றுநோய் இரத்தத்தையே நம்பியிராமல், வயிற்றறையின் திரவத்தில் மிதந்து, அந்த அறையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் உதரப் படலம் முழுவதும் தூவப்படுகிறது. ஆனால் பாதை மட்டுமே காரணமாக இருந்தால், ஏராளமான இரத்தம் பாயும் மண்ணீரலிலும் கட்டிகள் நிறையத் தோன்ற வேண்டும், அப்படி நேர்வதில்லை. 1889-இல் ஸ்டீஃபன் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிணக்கூறாய்வுக் குறிப்புகளை ஆராய்ந்தபோது, கல்லீரலில் மிகுதியாகவும் மண்ணீரலில் அரிதாகவும் பரவல் இருந்ததைக் கண்டார். செல் விதை என்றால், சென்று சேரும் உறுப்பு நிலம். நிலம் ஏற்காவிட்டால் விதை முளைக்காது என்பது அவருடைய முடிவு. புராஸ்டேட் புற்றுநோய் எலும்பையும், நுரையீரல் புற்றுநோய் மூளை, எலும்பு, அட்ரினல் சுரப்பி ஆகியவற்றையும் நாடுவதை இன்றும் மருத்துவர்கள் அந்தக் கருத்தைக் கொண்டே விளக்குகிறார்கள்.

விதை உடனே முளைக்க வேண்டும் என்பதுமில்லை. எலும்பு மஜ்ஜையில் போய் ஒதுங்கிய ஒரு செல் பல ஆண்டுகள் பிளவுபடாமல் உறங்கிக் கிடந்து, பிறகு விழித்தெழக்கூடும். ஹார்மோனைச் சார்ந்து வளரும் மார்பகப் புற்றுநோய் பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் திரும்புவதற்கு இது ஒரு காரணம். "கட்டியை முழுவதும் எடுத்துவிட்டோம் என்று சொன்னார்களே, பிறகு எதற்கு மருந்து?" என்ற கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. அறுவைக்குப் பிந்தைய மருந்துகள், எந்த ஸ்கேனிலும் தெரியாத இந்தச் செல்களைக் குறிவைத்தே கொடுக்கப்படுகின்றன.

பரவிய கட்டி தான் பிறந்த உறுப்பின் பெயரையே தாங்குகிறது. மார்பகத்தில் தொடங்கி நுரையீரலில் குடியேறிய கட்டி நுரையீரல் புற்றுநோய் ஆவதில்லை. அது நுரையீரலில் உள்ள மார்பகப் புற்றுநோய். அதற்கு மார்பகப் புற்றுநோய்க்குரிய மருந்துகளே வேலை செய்யும். "அம்மாவுக்கு மார்பிலும் புற்றுநோய், எலும்பிலும் புற்றுநோய்" என்று உறவினரிடம் சொல்வதால் பெருந்தீங்கு இல்லை. ஆனால் இரண்டாவது கருத்துக் கேட்க இன்னொரு மருத்துவரிடம் அதையே வரலாறாகச் சொன்னால் நேரம் வீணாகும். "மார்பகத்தில் தொடங்கியது, எலும்புக்குப் பரவியிருக்கிறது" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

திசு ஆய்வு அறிக்கையை எப்படிப் படிப்பது

மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர, திசுவை நுண்ணோக்கியில் பார்க்காமல் புற்றுநோய் உறுதிசெய்யப்படுவதில்லை. ஸ்கேனில் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அது ஐயம்தான். கல்லீரல் சுருக்க நோய் உள்ளவரின் கல்லீரலில் தோன்றும் முதன்மைப் புற்று, சிறப்பு ஸ்கேனில் காட்டும் அடையாளத்தைக் கொண்டே சில வேளைகளில் முடிவு செய்யப்படுகிறது. அத்தகைய நிலைகள் குறைவு.

ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற அச்சத்தால் திசு ஆய்வைத் தள்ளிப்போடுவோரைக் காணும்போது மனம் வருந்துகிறது. ஊசி சென்ற தடத்தில் செல்கள் விதைக்கப்படுவது உண்மையிலேயே நடக்கக்கூடியதுதான், ஆனால் அது மிக அரிது. அந்த அரிய வாய்ப்பையும் மருத்துவர்கள் அறிந்தே செயல்படுகிறார்கள். விந்தகத்தில் புற்றுநோய் என்று ஐயம் எழுந்தால் விதைப்பை வழியாக ஊசி குத்துவதில்லை. கவட்டை வழியாக விந்தகத்தையே அகற்றி ஆராய்வார்கள். சார்க்கோமா என்று ஐயுற்றால், பின்னால் அறுவை செய்யப் போகும் மருத்துவரைக் கலந்தே ஊசி நுழையும் இடத்தை முடிவு செய்வார்கள், அப்போதுதான் அந்தத் தடத்தையும் சேர்த்து அகற்ற முடியும். ஆய்வு செய்யாமல் கழியும் மாதங்களால் வரும் கேடு ஊசியால் வரக்கூடிய கேட்டைவிடப் பன்மடங்கு பெரியது.

மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சி எடுப்பது ஒரு முறை. சற்றுப் பருமனான ஊசியால் திசுவின் நீண்ட துண்டை எடுப்பது இன்னொரு முறை. முதலாவது தைராய்டுக் கட்டிகளுக்கும், நிணநீரை வடிகட்டும் சிறு சுரப்பிகளான நிணநீர்க் கணுக்களுக்கும் நல்ல தொடக்கம். ஆனால் அதில் திசுவின் அமைப்பு தெரியாது. செல்கள் அடித்தளப் படலத்தைத் தாண்டியிருக்கின்றனவா என்று சொல்ல முடியாது. அதனால்தான் மெல்லிய ஊசி ஆய்வில் "புற்றுநோய்" என்று வந்த பிறகும் மறுபடி திசு எடுக்கச் சொல்கிறார்கள். நிணநீர்ச் சுரப்பியிலேயே தோன்றும் லிம்போமா என்று ஐயம் இருந்தால் கணு முழுவதையும் எடுத்து ஆராய்வதே சிறந்தது.

எடுத்த திசு ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிக்கப்பட்டு, மிக மெல்லிய சீவல்களாக வெட்டப்பட்டு, சாயம் ஏற்றப்படுகிறது. நோய்க்கூறியல் மருத்துவர் அதைப் பார்த்துப் பெயர் சொல்வதற்கு இதுவே சில நாட்களை எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு, செல்லின் மேலும் உள்ளும் உள்ள புரதங்களை அடையாளம் காணும் இம்யூனோ சாயச் சோதனை நடக்கும். மார்பகப் புற்றுநோயில், ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் புரதங்களான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி, செல்லை வளரத் தூண்டும் ஹெர்2 புரதம் ஆகிய மூன்றும் இந்தச் சோதனையில்தான் தெரியவருகின்றன. ஹெர்2 முடிவு பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று என்ற அளவில் வரும். மூன்று என்றால் ஹெர்2 மிகுந்திருப்பது உறுதி. இரண்டு என்றால் முடிவு சொல்ல இயலாத நிலை, அதன்பின் மரபணு அளவில் ஃபிஷ் என்ற சோதனையைச் செய்ய வேண்டும். அறிக்கையில் இரண்டு என்று இருந்து, ஃபிஷ் செய்யப்படாமலேயே சிகிச்சை தொடங்குவதாகத் தெரிந்தால், கட்டாயம் காரணம் கேளுங்கள். நுரையீரல் புற்றுநோயில் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணு மாற்றங்களைத் தேடுவதும், பெருங்குடல் புற்றுநோயில் மரபணுப் பிழைதிருத்தும் புரதங்கள் சரியாக உள்ளனவா என்று பார்ப்பதும் இதே அளவு முக்கியமானவை. எந்த மருந்து பயன்தரும், எது பயன்தராது என்பதை இவை முன்கூட்டியே சொல்கின்றன.

அறுவைக்குப் பின் வரும் அறிக்கை இன்னும் நீளமாக இருக்கும். அதில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள். வெட்டிய விளிம்பில் புற்றுச் செல் இருக்கிறதா என்பது முதல் வரி. இரத்த அல்லது நிணநீர்க் குழாய்க்குள் செல்கள் நுழைந்திருப்பது தெரிகிறதா என்பது இரண்டாவது. எத்தனை நிணநீர்க் கணுக்கள் ஆராயப்பட்டன, அவற்றில் எத்தனையில் நோய் இருந்தது என்பது மூன்றாவது. இதைப் பதினைந்தில் மூன்று என்பது போல எழுதியிருப்பார்கள். ஆராய்ந்த எண்ணிக்கைக்கும் பொருளுண்டு. பெருங்குடல் புற்றுநோய் அறுவையில் குறைந்தது 12 கணுக்களையாவது ஆராய வேண்டும் என்பது விதி. நான்கு கணுக்களை மட்டும் பார்த்து நான்கிலும் நோய் இல்லை என்று சொல்வதை நோய் பரவவில்லை என்பதற்கு உறுதியான சான்றாகக் கொள்ள முடியாது.

ஒரு நடைமுறைக் குறிப்பு. மெழுகில் பதித்த அந்தத் திசுக் கட்டைகள் எந்த ஆய்வகத்தில் இருக்கின்றன என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேறு மருத்துவமனைக்குச் சென்றாலும், பல ஆண்டுகளுக்குப் பின் புதிய மருந்துக்கான சோதனை தேவைப்பட்டாலும், மறுபடி ஊசி குத்தாமல் அந்தக் கட்டையிலிருந்தே சீவல் எடுத்துப் பார்க்க முடியும்.

பரவலைத் தேடும் ஸ்கேன்கள்

எந்தப் புற்றுநோய்க்கு எந்த ஸ்கேன் என்பது அது செல்லக்கூடிய உறுப்புகளைப் பொறுத்தது. நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணுக்களைப் பார்க்க சி.டி.; மூளை, தண்டுவடம், மலக்குடல், புராஸ்டேட் ஆகியவற்றைப் பார்க்க எம்.ஆர்.ஐ.; எலும்பு முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்திச் செய்யும் எலும்பு ஸ்கேன். மிகத் தொடக்க நிலையில் உள்ள மார்பகப் புற்றுநோய்க்கு, அறிகுறி எதுவும் இல்லாதபோது, உடல் முழுவதும் ஸ்கேன் செய்வதால் பெரும்பாலும் பயன் இல்லை. தீங்கற்ற ஒரு புள்ளியைக் கண்டு, அதைத் தொடர்ந்து அலைந்து, அஞ்சி, மற்றோர் ஊசிக்கும் ஆளாக நேரலாம். கூடுதல் பரிசோதனை என்பது கூடுதல் அக்கறை என்ற எண்ணம் எல்லா இடத்திலும் பொருந்தாது.

பெட் ஸ்கேன் தனியாக விளக்கம் பெற வேண்டியது, ஏனெனில் அதன் அறிக்கைதான் மிகுதியாகத் தவறாகப் படிக்கப்படுகிறது. குளுக்கோஸைப் போன்ற ஒரு பொருளில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணுவை இணைத்துச் செலுத்துகிறார்கள். அது ஏறத்தாழ 110 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். சர்க்கரையை மிகுதியாக எரிக்கும் திசு ஒளிர்கிறது. புற்றுச் செல்கள் அப்படி எரிப்பவை. ஆனால் மூளையும் இதயத் தசையும் எரிப்பவைதான், காசநோய்க் கணுவும், அண்மையில் ஆறிய காயமும், சீழ்க்கட்டியும்கூட எரிப்பவைதான். எனவே பெட் படத்தில் ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் அல்ல. சிகிச்சையின் திசையையே மாற்றக்கூடிய ஒற்றைப் புள்ளி ஒளிர்ந்தால், இயன்றவரை அந்த இடத்திலிருந்து திசு எடுத்து உறுதி செய்துகொள்ளுமாறு கேட்பதில் தவறில்லை. மறுபுறம், சில மில்லிமீட்டர் அளவே உள்ள படிவுகள் பெட் படத்தில் தெரிவதில்லை. "வேறெங்கும் பரவல் காணப்படவில்லை" என்ற வரியைப் படிக்கும்போது "காணப்படவில்லை" என்ற சொல்லை அதன் முழுப் பொருளோடு படிக்க வேண்டும்.

இதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்: பெட் ஸ்கேனில் குளுக்கோஸ் பயன்படுவதைக் கேள்விப்பட்டு, நோயாளிக்குச் சர்க்கரையையும் மாவுப் பொருளையும் அடியோடு நிறுத்திவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. உணவில் சர்க்கரையை நிறுத்தினாலும் உடல் தன் இரத்தச் சர்க்கரையைத் தானே உண்டாக்கிப் பேணிக்கொள்ளும். கட்டி பட்டினியால் இறப்பதில்லை. எடை இழந்து மெலிவது நோயாளிதான், அந்த மெலிவு அவர் சிகிச்சையைத் தாங்கும் ஆற்றலையே குறைத்துவிடும்.

சி.ஏ.-125, சி.இ.ஏ. போன்ற இரத்தக் குறியீடுகளை, அதாவது புற்றுநோயில் இரத்தத்தில் உயரக்கூடிய பொருள்களின் அளவுகளை, தனியாக வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சி.ஏ.-125, கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸிலும் உயரும், மாதவிலக்கின்போதும் உயரும், சி.இ.ஏ. புகைபிடிப்பவர்களுக்குச் சற்று உயர்ந்தே இருக்கும். ஏற்கெனவே உறுதியான நோயின் போக்கைத் தொடர்ந்து கவனிக்கவே அவை சிறந்தவை.

நிலை வேறு, தரம் வேறு

அறிக்கையில் "கிரேடு 3" என்று பார்த்துவிட்டு "மூன்றாம் நிலையாம்" என்று அழுத ஒரு குடும்பத்தை நான் அறிவேன். அவர்களுடைய நோய் முதல் நிலையில்தான் இருந்தது. தரம் என்பது செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன, எவ்வளவு விரைவாகப் பிளவுபடுகின்றன என்பதை நுண்ணோக்கி வழியாகச் சொல்லும் அளவு. நிலை என்பது நோய் உடலில் எதுவரை சென்றிருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு. இரண்டும் எண்களால் குறிக்கப்படுவதால் வரும் குழப்பம் இது.

நிலையைக் கணக்கிடும் டி.என்.எம். (TNM) முறையைப் பிரெஞ்சு மருத்துவர் பியேர் தெனுவா 1940-களில் உருவாக்கினார். டி முதற்கட்டியையும், என் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களையும், எம் தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியிருப்பதையும் குறிக்கின்றன. டி என்பதன் பொருள் உறுப்புக்கு உறுப்பு மாறும். மார்பகத்தில் அது அளவைப் பற்றியது: 2 சென்டிமீட்டர் வரை டி1, 2-க்கு மேல் 5 வரை டி2, அதற்கும் மேல் டி3, தோலையோ மார்புச் சுவரையோ பற்றியிருந்தால் டி4. பெருங்குடலில் அளவைப் பார்ப்பதில்லை, குடல் சுவரில் எத்தனை அடுக்குகளைத் துளைத்திருக்கிறது என்பதையே பார்க்கிறார்கள். அதனால் அங்கே பெரிய கட்டி டி2 ஆகவும் சிறிய கட்டி டி3 ஆகவும் இருக்கலாம்.

எழுத்துக்கு முன்னால் வரும் சிறிய எழுத்தையும் பாருங்கள். சி (c) என்று இருந்தால் உடல் பரிசோதனையும் ஸ்கேனும் கொண்டு மதிப்பிட்டது, பி (p) என்று இருந்தால் அறுவையில் எடுத்த திசுவை ஆராய்ந்து சொன்னது, ஒய் (y) சேர்ந்திருந்தால் மருந்தோ கதிர்வீச்சோ கொடுத்த பின் மதிப்பிட்டது. அறுவைக்கு முன் இரண்டாம் நிலை என்று சொல்லி, அறுவைக்குப் பின் மூன்றாம் நிலை என்று சொன்னால் நோய் இடையில் பரவிவிட்டது என்று கருத வேண்டாம். முன்பு கண்ணுக்குத் தெரியாத கணுக்களை இப்போது நுண்ணோக்கி காட்டியிருக்கிறது.

இந்த மூன்றையும் சேர்த்தே பூச்சியம் முதல் நான்கு வரையான நிலை சொல்லப்படுகிறது. தொலைவுப் பரவல் இருந்தால் பெரும்பாலான புற்றுநோய்களில் அது நான்காம் நிலை. ஆனால் இந்த எண்ணை எல்லா நோய்க்கும் ஒரே தீர்ப்பாகப் படிக்கக் கூடாது. விந்தகப் புற்றுநோய்க்கு நான்காம் நிலை என்று ஒன்று வகுக்கப்படவே இல்லை. நுரையீரல் வரை பரவிய பின்னும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்து சேர்ந்த சிகிச்சையால் அந்த நோயாளிகளில் பலர் முழுமையாகக் குணமடைகிறார்கள். 55 வயதுக்குக் குறைந்தவருக்கு வரும் பாப்பிலரி வகைத் தைராய்டு புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தாலும் அது இரண்டாம் நிலையாகவே வைக்கப்படுகிறது, ஏனெனில் அவர்கள் நெடுங்காலம் வாழ்கிறார்கள். இரத்தப் புற்றுநோய்களுக்கு டி.என்.எம். முறையே கிடையாது, தொடக்கத்திலிருந்தே உடல் முழுவதும் இருக்கும் நோய்க்குப் "பரவிவிட்டதா" என்ற கேள்வி பொருந்தாது.

சிகிச்சை எதை நோக்கி

சிகிச்சைத் திட்டத்தைச் சொல்லும்போது மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டியது: "இது நோயை முற்றிலும் நீக்குவதற்கா, கட்டுக்குள் வைத்து வாழ்நாளை நீட்டுவதற்கா, துன்பத்தைக் குறைப்பதற்கா?" மூன்றும் மதிப்புள்ள நோக்கங்களே. ஆனால் ஒன்றை மனத்தில் வைத்துக் கொடுக்கப்படும் மருந்தை நோயாளி வேறொன்றாக நினைத்துக்கொண்டிருந்தால், அவரால் தன் வாழ்வைப் பற்றிய முடிவுகளைத் தானே எடுக்க முடியாமல் போகிறது.

அறுவையும் கதிர்வீச்சும் குறிப்பிட்ட இடத்துக்கான சிகிச்சைகள். மருந்துகள் உடல் முழுவதற்குமானவை. இந்தப் பிரிவைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகத்துக்கே ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குள் கணுக்களையும் சேர்த்து அகற்றும் அறுவையைப் பரப்பினார். எவ்வளவு அகலமாக வெட்டினால் அவ்வளவு நல்லது என்பது அக்கால நம்பிக்கை. பிற்காலத்தில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் தலைமையில் நடந்த ஆய்வுகள், 1985-இல் வெளியான முடிவுகள் உட்பட, கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர்வாழும் காலம் குறைவதில்லை என்று காட்டின. உயிரைத் தீர்மானிப்பது மார்பில் மீந்திருக்கும் திசு அல்ல, அறுவைக்கு முன்பே வெளியேறிவிட்ட செல்கள்தான். பெரிய அறுவையே பாதுகாப்பானது என்று உறவினர் வற்புறுத்தும்போது இந்த வரலாற்றை நினைவில் கொள்ளலாம்.

அக்குள் கணுக்களிலும் இதே சிந்தனையைக் காணலாம். கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் சேரும் காவல் கணுவை நீலச் சாயத்தாலோ கதிரியக்கப் பொருளாலோ கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். அதில் நோய் இல்லையென்றால் மற்றவற்றை விட்டுவிடலாம். வாழ்நாள் முழுவதும் கை வீங்கும் துன்பம் பலருக்கு இதனால் குறைந்திருக்கிறது.

கதிர்வீச்சின் அளவு கிரே என்ற அலகில் சொல்லப்படும். குணமாக்கும் நோக்கில் நாளொன்றுக்கு 2 கிரே வீதம், வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள் கொடுப்பது நெடுநாள் வழக்கம். இன்று பல புற்றுநோய்களுக்கு நாளொன்றுக்கான அளவைச் சற்றுக் கூட்டி நாட்களைக் குறைக்கிறார்கள். எலும்புக்குப் பரவியதால் வரும் வலிக்கு 8 கிரே ஒரே தடவையில் கொடுத்தாலே பெரும்பாலும் போதும். வலியோடு இருப்பவரை இரண்டு வாரம் தினமும் அழைத்துச் செல்லும் முன், ஒரே தடவையில் முடிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

மருந்துகளில் கீமோதெரபி விரைந்து பிளவுபடும் செல்களைத் தாக்குகிறது. அதனாலேயே முடி, வாய்ச் சவ்வு, எலும்பு மஜ்ஜை ஆகியவையும் பாதிக்கப்படுகின்றன. ஹார்மோன் மருந்துகள் கட்டி உணவாகக் கொள்ளும் ஹார்மோனைத் தடுக்கின்றன. டமாக்சிஃபென் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை உட்கொள்ளப்படுவது இதற்காகவே. இலக்குநோக்கு மருந்துகள் செல்லின் குறிப்பிட்ட ஒரு விசையை நிறுத்துகின்றன. நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயின் போக்கையே 2001-இல் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப் மாற்றியது. எதிர்ப்பாற்றல் சிகிச்சை புற்றுச் செல்லை நேரே தாக்காமல், எதிர்ப்பாற்றல் செல்களில் ஒரு வகையான நம் டி செல்களைத் தடுத்து வைத்திருக்கும் கட்டை அவிழ்த்துவிடுகிறது. ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது இந்தக் கண்டுபிடிப்புக்காக. கட்டவிழ்ந்த டி செல்கள் குடலையோ தைராய்டையோ நுரையீரலையோ தாக்கக்கூடும், சில வேளைகளில் மருந்தை நிறுத்திப் பல மாதங்களுக்குப் பிறகும். எனவே விடாத வயிற்றுப்போக்கையும் புதிதாகத் தோன்றும் மூச்சிரைப்பையும் வேறு காரணம் சொல்லி ஒதுக்க வேண்டாம்.

பரவிய நோயிலும் இடச் சிகிச்சைக்கு இடமுண்டு. பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்கு மட்டும் சில கட்டிகளாகப் பரவியிருந்தால், அவற்றை அறுத்து நீக்கிக் குணமடைபவர்கள் இருக்கிறார்கள். எனவே "நான்காம் நிலை" என்ற சொல்லைக் கேட்டதும் அறுவை மருத்துவரின் கருத்தைக் கேட்காமலேயே திரும்பிவிடக் கூடாது.

வலிதணிப்புச் சிகிச்சை கடைசி நாட்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் நோயாளிகளுக்கு இழைக்கப்படும் பெரிய அநீதி. முற்றிய நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்து அதைத் தொடங்க வேண்டும். மார்ஃபின் தொடங்குவது முடிவின் அறிவிப்பு அல்ல. உரிய அளவில் கொடுக்கப்படும் மார்ஃபின் மனிதரை எழுந்து நடமாடவும் உறங்கவும் உண்ணவும் வைக்கிறது.

சிகிச்சையின் இடையிலும் பின்னும்

மருந்தின் சில சுழற்சிகளுக்குப் பிறகு எடுக்கும் ஸ்கேனில் கட்டிகளின் குறுக்களவைக் கூட்டி ஒப்பிடுவார்கள். 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் பகுதிப் பலன், 20 சதவீதமோ அதற்கு மேலோ கூடினால் நோய் முன்னேறியிருக்கிறது, இடைப்பட்டது நிலைத்த நோய். "நிலைத்த நோய்" என்பதைப் பலர் தோல்வியாகப் படிக்கிறார்கள். வளர்ந்துகொண்டிருந்த ஒன்று வளராமல் நிற்கிறது என்பதே அதன் பொருள். பரவிய நோயில் அது நல்ல செய்தி.

நோய் திரும்பினால், இயலுமெனில் திரும்பிய இடத்திலிருந்து மறுபடி திசு எடுக்கச் சொல்லுங்கள். ஏற்பிகள் மாறியிருக்கலாம், பழைய அறிக்கையை வைத்துப் புதிய மருந்தைத் தேர்ந்தெடுப்பது தவறாகிவிடக்கூடும். அது புற்றுநோயாகவே இல்லாமலும் இருக்கலாம்.

இறுதியாக, கோப்பின் முதல் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி இரண்டு அவசர நிலைகளை எழுதி வையுங்கள். கீமோதெரபி பெறுபவருக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், வீட்டில் மாத்திரை கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் உடலில் கிருமி சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும் அளவுக்குப் பரவும். அந்தக் குறைவு பெரும்பாலும் மருந்து செலுத்திய ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் உச்சத்தில் இருக்கும்.

மற்றது முதுகுவலி. புற்றுநோய் உள்ளவருக்குப் புதிதாகத் தோன்றி, நாளுக்கு நாள் கூடி, படுத்தால் அல்லது இருமினால் மோசமாகும் வலி, அதனுடன் கால்களில் தளர்ச்சியோ மரத்துப்போதலோ சிறுநீர் கழிப்பதில் தடையோ சேர்ந்தால், முதுகெலும்பில் உள்ள கட்டி தண்டுவடத்தை நெரிக்கத் தொடங்கியிருக்கலாம். அன்றே முதுகுத்தண்டு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், ஸ்டீராய்டும், அதைத் தொடர்ந்து கதிர்வீச்சோ அறுவையோ தாமதமின்றித் தொடங்கப்பட வேண்டும். நடந்து வந்தவர் பெரும்பாலும் நடந்தே திரும்புகிறார். கால்கள் முற்றிலும் செயலிழந்த பிறகு தூக்கிவரப்பட்டவருக்கு அந்த நடை திரும்பக் கிடைப்பது அரிது. இரவு பத்து மணிக்கு அந்த அறிகுறி தெரிந்தால் இரவு பத்து மணிக்கே புறப்படுங்கள், கோப்பையும் எடுத்துக்கொண்டு.